மூன்றாம் கட்டம்

வியாழக்கிழமைப் படிப்பை முகாமிலேயே வைத்தோம்,
ஐந்தாம் வகுப்பில்.
சின்னப் பிள்ளைகளின் வாங்கு. முழங்கால் இடித்தது.
கரும்பலகையில் ஏழாம் வாய்ப்பாடு,
பாதியில் நின்றிருந்தது.

தாளை நான்தான் அப்புத்தளை டவுனில்
போட்டோக்கொப்பி எடுத்தேன்,
மண் இறங்குவதற்கு முந்தின கிழமை.
மூன்று கட்டம்:
என்ன நடந்தது.
ஏன் நடந்தது.
நமக்கு என்ன.

வரிசைப்படி வந்த பகுதிதான்,
யாரும் தேடி எடுக்கவில்லை.
மூன்று வருஷப் பஞ்சம்.
சவுல் கொன்றுபோட்ட கிபியோனியர்.
தாவீது போய்க் கேட்கிறான், என்ன தந்தால் தீரும் என்று.
காசு வேண்டாமாம்.
சவுல் வீட்டு ஆண்பிள்ளைகள் ஏழு பேர் வேண்டுமாம்.

"கிபியோனியர் யாரு?"
"வெறகு வெட்டவும் தண்ணி அள்ளவும் வச்சிருந்த சனம்,"
என்றான் யோவேல். ஆட்டோ ஓட்டுகிறவன்.
தகப்பனை அவனே அடையாளம் காட்டினான், இரண்டாம் நாள்.
"அப்ப, நாங்கதான்."

அறையே கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தது.
நானும் முதற் கட்டத்தில் எழுதினேன்: நாம்.

அடுத்த வசனத்தில்
அந்த நாங்கள்தான் ஏழு பேரையும்
மலையில் தூக்கிப்போடுகிறோம்.
யோவேல் தாளைத் திருப்பிப் பார்த்தான்,
பின்பக்கம் வேறு முடிவு இருக்குமென்பதுபோல.

பிறகு ரிஸ்பாள்.
செத்த ஏழில் இரண்டு அவள் பெற்றவை.
பாறையில் இரட்டு விரித்து உட்கார்ந்தாள்,
பகலில் பறவையை, ராத்திரியில் மிருகத்தை
அண்டவிடாமல்.
"இரட்டுன்னா?"
"சாக்கு. கொழுந்தெடுக்கப் போறப்ப கட்டுற
படங்கு மாதிரி."
எப்சிபாவின் கை இடுப்புக்குப் போய்
ஒன்றுமில்லாமல் திரும்பியது.

அறுப்பு தொடங்கி மழை விழும்வரை இருந்தாளாம்.
அவளுக்கு மழை வந்தால் முடிந்தது.
எங்களுக்கு மழைதான் வந்தது.
இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

ஜன்னலுக்கு வெளியே
சரிவின் விளிம்பில் வினோதினி.
தயாபரன் ஐயாவின் மனைவி.
வெடிப்பு பழசு, பயப்பட ஒன்றுமில்லை என்று
துரைக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர்.
அன்றிரவு டோர்ச்சோடு லயத்துக்கு இறங்கினார்.
எழுப்ப வந்தார் என்கிறார்கள்.
யார் யார் வேலைக்கு வரவில்லையென்று
பார்க்க வந்தார் என்கிறார்கள்.
இரண்டையும் கேட்டுச் சொல்ல ஆள் மிஞ்சவில்லை.
பதினோராம் நாள். அவரை இன்னும் எடுக்கவில்லை.
நாய்களை அவள் கையால் தட்டித் தட்டி விரட்டுகிறாள்.
முகாமில் அவளுக்குப் பாய் உண்டு,
பக்கத்தில் பாய் போட ஒருவருமில்லை.

யாரும் ஜன்னலைப் பார்க்கவில்லை.
அப்படிப் பார்க்காமலிருக்கப்
பெரும்பாடுபட்டோம்.

"மூன்றாம் கட்டம்," என்றேன்.
கேட்க வேண்டியது என் வேலை.
பொறுமை, என்றார் ஒருவர்.
தாயன்பு.
ஜெபத்தில் சோர்ந்துபோகாமை.
சரிதான்.
எந்த மலைக்கும் பொருந்துகிற பதில்கள்.

எப்சிபா வாய் திறந்தாள்.
இரண்டு பிள்ளைகள்; சின்னவனின்
ஒரு செருப்பு கிடைத்தது.
"அந்தப் பொம்பள எந்தப் பக்கத்து ஆளு?"
"சவுலின் வீடு," என்றேன். "அவனோட வைப்பாட்டி."
"கொன்னவன் வீட்டுப் பொம்பள."
"ஓம்."
"ம்."

நிவாரணத்தில் வந்த பிளாஸ்க்கை எடுத்தாள்,
விலைச்சீட்டுக் கழற்றாத கம்பளியை எடுத்தாள்.
வாசலில் நின்று என் பேனையைப் பார்த்தாள்.
"மன்னிச்சிட்டேன்னு எழுதிராதீங்க.
நாய் வருது. அவ்வளவுதான்."

ரிஸ்பாள் செய்தது அரசனுக்கு அறிவிக்கப்பட்டது
என்று இருக்கிறது. அறிவித்தவர் பெயர் இல்லை.
அதன்பிறகுதான் அவன் எழுந்துபோய்
எலும்புகளைச் சேர்த்தெடுத்து அடக்கம்பண்ணுகிறான்.
அதன்பிறகுதான் தேசத்துக்காகக்
கேட்ட ஜெபமும் கேட்கப்படுகிறது.

முடிவு ஜெபத்தை நான்தான் சொன்னேன்,
என்ன சொன்னேனென்று நினைவில்லை.
தாள்களை அடுக்கிக்கொண்டு வெளியே வந்தால்
விளிம்பில் இரண்டு உருவம், நடுவே ஒரு முழம் இடைவெளி.
முற்றத்தில் யோவேல் குனிந்து
கல் பொறுக்கிக்கொண்டிருந்தான்,
சின்னச் சின்னதாக, எறியத் தோதாக.
சட்டைப் பையில் போட்டுக்கொண்டு
அந்தப் பக்கம்தான் நடந்தான்.

எதற்கென்று நான் கேட்கவில்லை.
பின்னால் போனேன்.