அரவ்

செவ்வாய்க்கிழமைதான் எண்ண வேண்டும் என்பார்கள்.
திங்கள் சோம்பல், வெள்ளி அவசரம்,
செவ்வாய் பொய் சொல்லாதாம்.

அபரிஸ்ட்வித்தின் விளிம்பில் ஒரு சந்தி.
மடக்கு நாற்காலி, மஞ்சள் சட்டை,
எண்ணும் கருவி மூன்று:
நேராகப் போகிறவைக்கு ஒன்று,
இடம் திரும்புகிறவைக்கு ஒன்று,
வலத்துக்கு ஒன்று.
கல்லூரி திறந்து ஊர் பருத்துவிட்ட அக்டோபர்.

எதிரே தார்மேல் வெள்ளைச் சாயத்தில்
வேல்ஸ் மொழிச் சொல், நான்கே எழுத்து.
அரவ் என்று வாசிக்க வேண்டும்,
மெதுவாக என்று பொருள்.
எனக்கு அரவு என்றால் பாம்பு,
அரவம் என்றால் ஓசை.
பன்னிரண்டு மணி நேரம் பார்த்திருந்தேன்,
மெதுவாக என்பதன் மேல்
ஒருவரும் மெதுவாகப் போகவில்லை.
மிதிபட்டு மிதிபட்டுப் பாம்புக்கு
வாலெழுத்து பாதி இல்லை.

மேட்டில் மாணவர் விடுதி.
பள்ளத்தில் வேலியிட்ட புல்வெளி.
அங்கேதான் வரப்போகிறது பெருங்கடை,
அதையொட்டி இன்னும் மூன்று,
இருநூற்றுப் பன்னிரண்டு கார்களுக்கு இடம்.
அதற்கு ரவுண்டானா வேண்டுமா,
வலம் திரும்பத் தனித்தடம் போதுமா,
என் கட்டைவிரலைக் கேட்டுச் சொல்வார்கள்.

கட்டைவிரல் பத்து மணிக்கே மரத்துவிட்டது.
மதிய இடைவேளையில் ஊருக்குள் ஓடி
மெலெரி பிராஸரின் இரும்புக்கடையில்
கையுறை வாங்கினேன், ஏழு பவுண்டு.
"சந்தியில் எண்ணுகிற ஆள் நீதானா?
என் கடைக்கு வருகிறவர்களையும் எண்ணேன்.
கருவி வேண்டாம், விரலே போதும்."
சிரித்தாளா என்று தெரியவில்லை.
மிச்சச் சில்லறையை மேசையில் வைத்தாள்,
கையில் தரவில்லை.

படிவத்தில் கார் உண்டு, வேன் உண்டு,
இரண்டச்சு லாரி, மூன்றச்சு லாரி,
பேருந்து, சைக்கிள்,
நடைபாதையில் நடக்கிறவர்கூட உண்டு.
வேலி ஓட்டைக்குள் குனிந்து
புல்வெளியைக் குறுக்கே கடந்து
விடுதிக்கு ஏறுகிறவர்கள் இல்லை.
புல் அங்கே தானாகவே வகிடு எடுத்திருந்தது.
பை சுமந்தவர்கள், தோளில் கிதார்,
மழைக்கு மடக்குமேசையொன்றைத்
தலையில் கவிழ்த்தபடி ஒருத்தி.
அவளை எந்தக் கட்டத்தில் போடுவது?
குறிப்பு என்ற இடத்தில் எழுதினேன்:
வேலி ஓட்டை வழியே, நாற்பத்து மூன்று.

அறிக்கை வந்தது, நூற்றெண்பது பக்கம்.
பின்னிணைப்பில், அடிக்குறிப்பில்,
கொசு எழுத்தில் என் நாற்பத்து மூன்றும் இருந்தது.
பக்கத்தில்: பொருட்படுத்தத் தக்கதல்ல.

இரண்டு வருடம் கழித்து, பின்கணக்கெடுப்பு.
அதுவும் செவ்வாய்.
ரவுண்டானா வந்திருந்தது, நடுவில் லாவெண்டர்.
பாம்புக்குப் புதுச் சாயம்.
கணித்ததைவிட நூற்றுக்குப் பதினெட்டு அதிகம்,
வரிசை சந்திவரை நீண்டது.
போட்ட சாலைக்குப் பசி எடுத்திருக்கிறது என்றான்
கூட எண்ண வந்த டைலோ.

மெலெரியின் கடை மூடியிருந்தது.
மனசு கனத்துக்கொள்ளத் தயாரானேன்.
அவளோ பெருங்கடை வாசலில்
சாவி வெட்டும் சிறு கூண்டுக்குள் நின்றாள்.
"முதுகு வலியில்லை. கூரை ஒழுகவில்லை.
கழிப்பறை பக்கத்தில். எனக்காக அழாதே."
கையுறை உள்ளே நாலு பவுண்டு என்றும் சொன்னாள்.
வாங்கிவிட்டேன். அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

புது வேலி பச்சை இரும்பு, ஆளுயரம்.
ஓட்டை அதே இடத்தில்.
கம்பிகள் நான்கு சுத்தமாக வெட்டப்பட்டு
ஓரத்தில் சாய்த்து வைத்திருந்தன.
"நல்ல கத்தரி," என்றேன்.
"கடை மூடும் வாரம் பாதி விலைக்குத் தந்தேன்," என்றாள்,
"யாருக்கென்று எண்ணவில்லை."

மாலை ஏழு.
நாற்காலியை மடக்கி, நானும் குனிந்தேன்.
மூன்று கருவியில் எதை அழுத்துவது?
இடம் இல்லை, வலம் இல்லை.
புல் ஈரமாக இருந்தது.
மெதுவாகத்தான் போனேன்.