மூடியின் பெருமூச்சு

பெர்கனில் மழை ஒரு செய்தியே இல்லை.
ஆனாலும் அந்த இரவின் மழையைச் சொல்லத்தான் வேண்டும்.
கடை வரிசையில் நாற்பத்தேழாவது ஆள் நான்.
மடக்கு நாற்காலி, குடுவையில் காப்பி,
இரண்டு ஜோடிக் கம்பளிக் காலுறை, இரண்டும் ஈரம்.
பின்னால் நின்ற ஐவிண்ட்
தன் குடையில் பாதியைத் தந்தான்.
விடிய விடியப் பேசியதெல்லாம்
திரையின் அங்குலக் கணக்கு.
காலையில் கதவைத் திறந்து கைதட்டினார்கள்,
எங்களுக்கு,
பணம் கொடுக்க வந்தவர்களுக்கு.
நான் அழுதேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பெட்டி!
மூடியைத் தூக்கினால் அடிப்பாகம் உடனே விழாது.
காற்று உள்ளே நுழையும்வரை காத்திருந்து
மெல்ல, ஒரு பெருமூச்சோடு, கழன்று இறங்கும்.
யாரோ ஒருவர் மாதக்கணக்கில் உட்கார்ந்து
அந்தப் பெருமூச்சின் நீளத்தை
அளந்து வைத்திருக்கிறார் என்று தோன்றியது.
அவரைத்தான் காதலித்தேன் போல.

மோகம் முப்பது நாள் என்றவர்களுக்குக் கணக்கு வராது.
எனக்குப் பதினோரு வருஷம்.
போன், கணினி, கடிகாரம், காதில் செருகும் வெள்ளை மொட்டு.
ஒன்றை வாங்கினால் அது தன் தம்பியைக் கூட்டிவரும்.
வேறு போன் வைத்திருந்த பாவத்துக்கு
அலுவலகத்தில் அஸ்லாக்கிடம்
மூன்று மாதம் முகம்கொடுத்துப் பேசவில்லை.

எப்போது விட்டுப்போனது?
சண்டை ஒன்றுமில்லை.
ஒரு செப்டம்பர் மாலை, அறிமுக விழா நேரலை,
அடுப்பில் மீன் சூப்.
மேடையில் ஒருவர் புதிய நிறத்தை அறிவித்தார்.
அது பழைய நீலம்.
அரைத்த மாவு.
எழுந்துபோய் சூப்பைக் கிளறினேன்.
திரும்பி வந்து உட்காரவில்லை.

அடுத்த மாதம் பாட்டரி போயிற்று.
ஒட்டிவிட்டார்கள், பிரிக்க முடியாது என்றான் கடைப் பையன்.
சிரித்த முகத்தோடு புதியதன் விலையைக் காட்டினான்.
என் பொருளுக்குள் எனக்கு அனுமதி இல்லை.

கொரிய போன் ஒன்று வாங்கினேன்.
நல்ல பொருள்தான், நிலாவைக்கூடப் பக்கத்தில் இழுத்துவரும்.
இந்த ஊரில் நிலா தெரிந்தால்தானே.
என் கட்டைவிரல் மட்டும் பழைய கட்சியிலேயே இருந்தது.
வீடு மாறியவள் இருட்டில் சுவிட்சைத் தேடுவதுபோல
ஒன்றுமில்லாத இடத்தில் போய்ப் போய்த் தட்டியது.
திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

பிறகு அஸ்லாக் வந்தார்.
பழைய மடிக்கணினியில்
யாருக்கும் சொந்தமில்லாத இயங்குதளம் ஒன்றை ஏற்றினார்,
வாஃபிள் தின்றபடி,
அந்த மூன்று மாதத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல்.
தூங்கப்போட்டால் எழாது. எழுந்தால் தூங்காது.
அச்சுப்பொறியை அது அடையாளம் காண நான்கு ஞாயிறு.
ஆனால் முரண்டு பிடிக்கும்போது
ஏன் என்று எழுதிக் காட்டியது.
அதற்கு முன் யாரும் எனக்குக் காரணம் சொன்னதில்லை.

இப்போது கையில் இருப்பது
திருகாணிகள் வெளியே தெரியும் தடித்த டச்சு போன்.
அழகில்லை.
சட்டைப்பையில் சோப்புக் கட்டிபோல் கனக்கிறது.
பின்மூடியை நகத்தால் கழற்றலாம்.
முதல்முறை கழற்றி
வெகுநேரம் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தேன்.
பெரிதாக ஒன்றுமில்லை.
பெருமூச்சை அளக்கும் ஆள் யாரும் அங்கே இல்லை.

நேற்று, காலிப் பெட்டிகள் விற்பனைக்கு என்று
விளம்பரம் பார்த்து ஒரு பையன் வந்தான். சொன்ட்ரே.
பத்தொன்பது இருக்கும், மழையங்கி சொட்டச் சொட்ட.
சேகரிக்கிறானாம்.
முதல் பெட்டியை எடுத்தான்.
மூடியைத் தூக்கினான்.
பாதிப் பேச்சில் நின்றுபோனான்.
அது இறங்கி முடியும்வரை
இருவரும் மூச்சுவிடவில்லை.

விலை சொல்ல வாயெடுத்தவள்
அந்த ஒன்று மட்டும் கிடையாது என்றேன்.
மற்ற எட்டையும் பேரம் பேசாமல் தூக்கிப்போனான்.

டச்சு போனின் திருப்புளியை
இப்போது அதற்குள் போட்டு வைத்திருக்கிறேன்.
அளவு பொருந்தவில்லை.
எடுக்கும்போதெல்லாம் உருண்டு சத்தம் போடுகிறது.