ஆகும் என்பதற்கு

உள்ளே கிடக்கும் திறமைக்குச் சொல் 'சிம் ஜட்'.
முதல் அசையில் குரல் சேற்றைத் தொட வேண்டும்,
அடுத்ததில் சட்டென்று தலை தூக்கணும்.
சிம் என்றால் முங்குவது என்கிறான் ஆ கியூங்
ஹாங்காங்கிலிருந்து, குரல்பதிவில்;
பின்னால் யாரோ பாத்திரம் உருட்டுகிறார்கள்.
நாலு நாளாய் முங்குகிறேன்.
எந்த கம்பெனி சிம்முண்ணே வேணும், என்கிறான்
செல்போன் கடை மரியநாதன்.

அடுத்தது 'ஜப் சாங்'.
பொறுக்கு. உயிர்.
சேர்த்தால், கையில் கிடைத்ததை வைத்து ஒப்பேத்து.
இதற்கு எனக்குப் பாடம் வேண்டாம்.
முதுநகர் துறைமுகத்தில்
பதினோரு வருஷமாய் டீசல் என்ஜின் பிரிக்கிறேன்,
வாஷர் இல்லாத நாளில்
என் செருப்பையே வட்டமாய் வெட்டியிருக்கிறேன்.
கெடிலம்கூட, வாயை மணல் அடைத்தால்
கொஞ்சம் தள்ளி உடைத்துக்கொண்டு போகிறது.

கப்பல் கம்பெனி படிவத்தில் ஒரு கட்டம்:
புதிய சூழலுக்குப் பழகும் திறன்.
'சிக் யிங்' என்று எழுதி, அடித்து,
திரும்ப எழுதி
காலியாக விட்டேன்.

நேற்று செங்கேணியின் படகு.
நாசில் அடைப்பு. பெட்டியில் ஐஸ் உருகுது.
"ஆகுமாடா?"
"ஆகும்."

செய்யலாம், இனிமேல் விளையும், இது போதும்
எல்லாமே அந்த ஒரு சொல்லில் கிடந்தது.
ராத்திரி கேட்டேன், ஆ கியூங், இதற்கு உங்களில் என்ன?
ஒரே அசை வந்தது. குட்டை. உச்சியில்.

'டக்.'

முன்பே கேட்டிருக்கிறேன்,
அதிகாலை நாலரைக்கு,
மூன்றாம் தடவை கைப்பிடி சுழற்றியபோது.