அரைவட்டம்

மூன்று மணிக்குக் கரண்ட் போனது.
உவர்மலைப் பக்கம் இடி. குளிர்சாதனப் பெட்டி
ஒருமுறை குலுங்கி அடங்கியது.
பெரிய கருவிகள் எல்லாம் கண்மூடிவிட்டன.
கையகலப் பெட்டி மட்டும்
தன் பற்றரியில் விழித்திருந்தது,
பச்சையாய் ஒரு புள்ளி.

அதன் வாயில் செருகும் பட்டை
பஸ் ரிக்கற்றில் பாதி.
நுனியில் பொன் பூசிய வட்டம், ஒரு மிளகளவு.
பொன்னின்மேல் கண்ணுக்குத் தெரியாத பிறபொருளெதிரிகள்
கையை விரித்தபடி நிற்கின்றன
ஒரேயொருவனுக்காக.

ரிஸ்மியா கிண்ணியாவிலிருந்து வருகிறவள்,
பாலம் வருமுன் இயந்திரப் பாதையில் கடல் கடந்தவள்.
அவள்தான் சொன்னாள்:
"இதும் ஒரு செக்பொயின்ற்தான், என்ன?"
இருவரும் சிரித்தோம். பிறகு சிரிக்கவில்லை.
பஸ்ஸால் இறக்கி, வரிசையில் விட்டு,
அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்த கைகள்
எங்கள் இருவருக்கும் பொதுச்சொத்து.

இது வேறு என்று
எனக்கு நானே வாதாடிக்கொண்டிருக்கிறேன்.
குருதியில் ஆயிரம் பேர் போகிறார்கள்,
எவரையும் இது ஊர் கேட்பதில்லை.
சீனி போகட்டும், கொழுப்புப் போகட்டும்,
நேற்றைய மீன்குழம்பின் உப்பும் போகட்டும்.
டெங்கு உள்ளே சிந்திவிடும் அந்த ஒரு புரதம்
வந்தால் மட்டும் கையைப் பிடிக்கும்.
பிடித்த இடத்தில் கதவு சாத்திக்கொள்ளும்.
இலத்திரன்கள் வெளியே நெருக்கியடித்து நிற்கும்.
திரையில் அரைவட்டம் ஒன்று
வீங்கும்.

அவ்வளவுதான் செய்தி.
கூவாது, சிவக்காது.
தடை கூடியிருக்கிறது என்பதை
ஓமில் சொல்லும்.

காலையில் மூன்று பட்டைகள் பொய் சொன்னன.
வெறும் கரைசலுக்கே பெரிய வட்டம் போட்டன.
கடற்காற்று. இந்த ஊரில் உப்பு
பூட்டுக்குள் போகும், சைக்கிள் செயினுக்குள் போகும்,
செருகுவாயின் பித்தளையில் பச்சையாய்ப் பூத்திருந்தது.
ஸ்பிரிட்டில் பஞ்சு நனைத்துத் துடைத்தேன்.
உப்பைத் திட்டவும் முடியாது:
கரைசலில் அது இல்லாவிட்டால்
மின்னோட்டம் ஓரடி நகராது.

நான்காவது பட்டை ஜெரூஷாவினுடையது.
ஏழு வயது. காய்ச்சல் இரண்டாம் நாள்.
பாலையூற்று அந்தோனிமுத்துவின் கடைசி.
ஊசிக்கு அழாமல்
"இந்த மெஷினுக்குப் பசிக்குதா?" என்று கேட்டவள்.
ஒரு துளி விட்டேன்.
பன்னிரண்டு நிமிடம்.
தகரத்தில் மழை என்னைவிட வேகமாய் எண்ணியது.
புள்ளி புள்ளியாய் ஏறி, உச்சி தொட்டு, குனிந்து,
டச்சுக் குடாவைப் பென்சிலால் வரைந்ததுபோல்
முழு அரைவட்டம்.
அழகாக இருந்தது.
அதை எழுதவே வெட்கமாய் இருக்கிறது.

இன்னொரு பட்டை. அதே குடா.
இன்னும் ஒன்று, ரிஸ்மியாவின் கையால்.
அதே.

வார்ட்டுக்குச் சொன்னோம்.
தாதி சேலைன் போத்தலோடு ஓடும் சத்தம்
தொலைபேசியிலேயே கேட்டது.
தகப்பன் போனை எடுக்கவில்லை.

மழை விட்டதும் சைக்கிளில் போனேன்.
கரையில், வள்ளத்துக்குள் நின்று
வெட்டிய கலனால் மழைநீர் இறைத்துக்கொண்டிருந்தான்.
சொன்னேன். கலனைக் கீழே வைக்கவில்லை.
"இந்தத் தண்ணியிலயா வந்தது?" என்றான்.
தெரியாது என்றேன்.
என் பெட்டியிடம் அந்தக் கேள்விக்குப் பொன் இல்லை.
அவன் இன்னும் வேகமாய் இறைத்தான்,
அடிப்பலகை தெரிந்த பிறகும்.

திரும்பும் வழியில், கோட்டை வீதியில்,
புள்ளிமான் ஒன்று
எறிந்து கிடந்த ரயருக்குள் தலையை விட்டு
தேங்கிய நீரைக் குடித்துக்கொண்டிருந்தது.
சைக்கிளை நிறுத்தினேன்,
மணியடிக்காமல்.
குடி.
அடிவரைக்கும் குடி.