கோட்டுக்குக் கீழே

எட்டாம் வகுப்புத் தனித்தேர்வுக்கு
நண்டுக் கம்பெனி ரசீதின் முதுகில் படிக்கிறேன்.
இரண்டின் அடுக்கு மைனஸ் மூன்று.
மைனஸ் எட்டு என்று எழுதினேன்.
மைனஸ் எனக்குத் தெரியாதா?
முன்பணம் வாங்கிய மாதமெல்லாம்
என் பெயருக்கு நேரே அதுதானே நிற்கிறது.

ஓடு உடைத்துக்கொண்டே ரெக்ஸ்லின் சொன்னாள்:
'கடன் இல்லக்கா, பங்கு.
ரெண்டாப் பிரி. அதை ரெண்டா. அதையும் ரெண்டா.'
வெந்த சதையை விரலால் வகுத்துக் காட்டினாள்.
எட்டில் ஒன்று.
நகக்கண்ணில் ஒட்டும் அளவு.
ஆனாலும் இருக்கிறது,
பூஜ்ஜியத்துக்குக் கீழே போகவே இல்லை.

பிறகு விதி:
அடுக்கோடு கோட்டைத் தாண்டிக் கீழே இறங்கினால்
மைனஸ் உதிர்ந்துவிடும்.
கீழிருந்து மேலே ஏறினாலும் அப்படியே.
கோடு யாரையும் பிடித்து வைப்பதில்லை.

சிரிப்பு வந்தது.
தங்கச்சிமடத்துப் படகில் போன என் தம்பி இன்னாசி
ஒரு கோட்டைத் தாண்டி
இன்றோடு நாற்பத்தோரு நாள்.

ரசீதைத் திருப்பினேன்.
மைனஸ் நாலாயிரத்து இருநூறு.
அதன் தலைக்கு மேல் ஒரு கோடு இழுத்து
உச்சியில் ஒன்று போட்டேன்.

ரெக்ஸ்லின் எட்டிப் பார்த்தாள்.
'இது மேல ஏறி நிக்கிற மைனஸ் இல்லக்கா,
அடியிலயே நிக்கிறது.
எங்க போனாலும் கூடவே வரும்.'