நூற்றிருபது

கொம்தார், மூன்றாம் மாடி, மின்படி ஏறியதும் இடப்பக்கம்.
இரண்டு கைப்பேசிகளை அருகருகே வைத்து
ஒரே பக்கத்தை இரண்டு கட்டைவிரலால் தள்ளிக் காட்டுவேன்.
'இது விநாடிக்கு அறுபது, இது நூற்றிருபது.
பாருங்க, எப்படி வழுக்கிட்டு ஓடுது.'
எல்லோரும் குனிவார்கள்.
எல்லோரும் 'ஆமா' என்பார்கள்.
இரண்டிலும் அறுபதே வைத்திருந்த நாளிலும்
'ஆமா' என்றார்கள்.
அன்று ஹஃபீசுல் என்னிடம் ஒரு தே தாரிக் தோற்றான்.

நான் மட்டும் என்ன?
ஆறு வருடமாய் விற்கிறேன், என் கண்ணுக்கு
இதுவும் அதுவும் ஒன்று.
முதலாளியிடம் சொன்னதில்லை.
நான் விற்பது பெட்டிமேல் அச்சடித்த எண்ணை.

சீனப் பெருநாளுக்கு முந்தின வாரம், நெரிசல்.
ஷிப்ட் முடிந்த நீலச் சட்டையோடு ஒருத்தி,
கழுத்தில் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை அட்டை: இந்திராணி.
நான் வாய் திறக்குமுன் இடப்பக்கத்தைத் தள்ளிப் பார்த்து
'இது நடுங்குது தம்பி' என்றாள்.

மேசைக்கடியில் வைத்து அமைப்பை மாற்றி நீட்டினேன்.
'இப்ப இது.'
மறுபடியும்.
'இது. எத்தனை தடவ கேப்பீங்க?'
ஏழுக்கு ஏழு.
ஹஃபீசுல் திரையை விட்டுவிட்டு
அவள் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பத்தொன்பது வருடமாய் உருப்பெருக்கியின் கீழ்
சில்லுகளில் கீறல் தேடும் வேலையாம்.
'இத்தனூண்டு' என்று விரலைச் சேர்த்துக் காட்டினாள்.
விரல்களுக்கு நடுவே எனக்கு ஒன்றும் தெரியவில்லை.
வீட்டுக் குழல்விளக்கு துடிப்பது அவளுக்குத் தெரியும்.
பேருந்தின் நெற்றியில் ஓடும் ஊர்ப்பெயர்
துண்டு துண்டாய்த்தான் வந்து சேரும்.
தைப்பூச இரவில் சரவிளக்கைப் பார்த்தால்
மறுநாள் மாத்திரை.
'தெரியாம இருக்கறவங்க கொடுத்து வெச்சவங்க' என்றாள்,
என்னைச் சொல்கிறாள் என்று தெரியாமல்.

பிறகு விலை கேட்டாள்.
இரண்டையும் சொன்னேன்.
எண்ணூற்று ஐம்பது வெள்ளி வித்தியாசம்.
நடுங்குகிறதையே வாங்கிக்கொண்டாள்.
'பழகிடும்.'
ரசீதை நான்காய் மடித்து
அட்டை உறைக்குள் செருகிப் போனாள்.

அடுத்து நின்ற மாணவன்
நூற்றிருபதை வாங்கினான். தள்ளிக்கூடப் பார்க்கவில்லை.

இரவுப் படகில் என் கைப்பேசியை எடுத்தேன்.
நூற்றிருபது. தள்ளினேன்.
அறுபது. தள்ளினேன்.
கண்ணைச் சுருக்கி, விரித்து, ஒற்றைக் கண்ணால்.
ஒரு கணம் எழுத்துகளின் விளிம்பில்
ஏதோ தட்டுப்பட்டதுபோல் இருந்தது.
படகின் எஞ்சினாக இருக்கும்.

இந்நேரம் அவளும் எங்கோ
கட்டைவிரலால் தள்ளிக்கொண்டிருப்பாள்,
ஒவ்வொரு வெட்டையும் பார்த்தபடி.

பட்டர்வொர்த் துறைமுக விளக்குகள் நெருங்கின.
எல்லாம் அசையாமல்தான் எரிந்தன,
எனக்கு.