அவள் இன்னும் முடிக்கவில்லை

ட்ராம் ஓட்டுகிறவனுக்கு
எடுத்த எடுப்பில் எந்த விஷுவல் நாவலைக் கொடுப்பது?
மூன்று வாரமாக எனக்கு இதே யோசனை.

நாற்பது மணி நேரக் காவியம் வேண்டாம்,
நான்காம் மணியில் குறட்டை விடுவாய்.
பள்ளிக்கூடக் கொலைகள் வேண்டாம்.
ஐந்து பெண்களில் ஒருத்தியை மயக்கச் சொல்வதை
உன் மடியில் வைத்தால்
என்னைப் பற்றி என்ன நினைப்பாய், யசுமிச்சி?
(பதினாறு வயதில் ஐந்து பேரையும் மயக்கியவள் நான்.
அது வேறு கதை.)
காலத்தில் பின்னோக்கிப் போகும் ஒன்று இருக்கிறது.
அது என் உயிர்.
படிக்க ஒரு நோட்டும் இரண்டு நிறப் பேனாவும் வேண்டும்.
அதை உனக்குப் பிடிக்காமல் போனால்
உன்னை எனக்குப் பிடிக்காமல் போய்விடுமோ என்று
எடுத்ததை மறுபடி
குளிர்கால உறைகளுக்கு அடியில் ஒளித்தேன்.

முதல் கோணல் முற்றும் கோணல்.
ஆகவே சின்னதாய் ஒன்று.
இரண்டே பேர் செய்தது. மூன்று மணி நேரம்.
ஒரு படகுத்துறை, டிக்கெட் கிழித்துக் கொடுக்கும் மினெகோ,
ஓயாத மழை.
யாரும் சாவதில்லை.
ஒரு பூனை காணாமல் போகும், திரும்பி வந்துவிடும்.

ஹகோதாதேயில் அன்றுதான் பனி விட்டிருந்தது.
விடியுமுன்னே
மூங்கில் துடைப்பம் சுழலும் வண்டியில்
ஊர்த் தண்டவாளம் முழுக்கப் பெருக்கிவிட்டு வந்தவன்
கணப்பு மேசையின் போர்வைக்குள் கால் நீட்டினாய்.
காலுறையில் இன்னும் ஈரம்.
"இதுல நான் என்ன செய்யணும்?"
"படி. பொத்தானை அழுத்து. அவ்வளவுதான்."
"அப்புறம் ஏன் இதை விளையாட்டுங்கறாங்க?"
பன்னிரண்டு வருடமாக
இந்தக் கேள்விக்கு என்னிடம் பதிலில்லை.
ஆரஞ்சு உரித்தேன்.

மினெகோ சொன்னாள்:
இந்தப் படகை விட்டால் அடுத்தது நாளைக்குத்தான்.

நீ அழுத்தவில்லை.
ஆறு நொடி மழைதான் அது,
முடிந்து முடிந்து முதலிலிருந்து பெய்யும்.
வரியின் ஓரத்தில் சின்ன முக்கோணம்
அழுத்து அழுத்து என்று துடித்தது.
ஒரு நிமிடம். இரண்டு.
"தூங்கிட்டியா?"
"ஷ்... அவ இன்னும் முடிக்கல."

சிரித்தேன்.
பிறகுதான் பார்த்தேன்,
அவள் கண் ஒரு முறை
சன்னல் பக்கம் போய்த் திரும்பியது.
இந்தக் கதையின் எல்லா முடிவுகளையும் கண்டவள் நான்.
எந்த வரி எந்த முடிவுக்குப் போகும் என்று
தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.
அந்தப் பார்வையை மட்டும் பார்த்ததே இல்லை.
கட்டைவிரல் எப்போதும்
அடுத்த வரியில் இருந்தது.

கடைசியில் இரண்டு வாசகம் வந்தது:
போகாதே.
பத்திரமாகப் போய் வா.
"இரு, முதல்ல சேவ் பண்ணிக்கோ."
"எதுக்கு?"
"தப்பாப் போனா திரும்பி வரலாம்."
"அவளுக்குத் தெரிஞ்சுடாதா?"

இரண்டாவதை அழுத்தினாய்.
படகு போயிற்று. திரை கறுத்தது.
செய்த இருவர் பெயர் மட்டும் மேலேறிப் போயிற்று.
எல்லோரும் மோசம் என்று சொல்லும் முடிவு அது.
நான் கை நீட்டினேன், நீ தடுத்தாய்.
"ஆச்சு. இதுதான் நடந்துச்சு."
கோப்பைகளை எடுத்துக்கொண்டு எழுந்து போனாய்.

அக்டோபரில்
செந்தாயிலிருந்து வேலைக் கடிதம் வந்தபோது
உன் முன் நீட்டினேன்.
இரண்டு வருடம், போகட்டுமா, என்றேன்.
படித்தாய். மடித்தாய். என்னைப் பார்த்தபடி இருந்தாய்.
அக்கறையில்லை என்று நானே எழுதிக்கொண்டு
அடுத்த காட்சிக்குப் போய்விட்டேன்.
இரவுச் சோற்றுக்கு மீன் வாங்கினாயா என்று கேட்டேன்.

சமையலறையில் தண்ணீர் சத்தம்.
"அந்தப் பூனை திரும்பி வந்துச்சா?"
நீ போன வழியில்
அது வருவதில்லை. நான்தான் மறந்திருந்தேன்.
"வரும்," என்றேன்.

குழாயை மூடிவிட்டு இங்கே வா.
அக்டோபரில்
நானும் முடிக்கவில்லை.